கீறல் விழாத பம்பர்

என் மாமா பொய் சொல்கிறார். கேமரா முன்னால் உட்கார்ந்து, கையில் சாயா கிளாஸை வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துப் பொய் சொல்கிறார்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் காருக்கு வேண்டிய அலங்காரச் சாமான்கள் விற்கிற கடை வைத்திருக்கிறார். அலாய் வீல், காதைக் கிழிக்கும் சைலன்சர், வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தும் ஸ்பிரிங், எல்லாம் கிடைக்கும். கடைச் சுவரில் ஒரு பழைய மஞ்சள் பம்பர் தொங்குகிறது. அதற்கென்று தனி விளக்கு. கார்ப் பைத்தியம் பிடித்த பையன்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் யூடியூப்காரன் ஒருவன் வந்து அந்தப் பம்பரின் கதையைக் கேட்டான். அந்தக் காலத்தில் கொச்சியிலேயே தாழ்வான கார் தன்னுடையதுதான் என்றும், அதை ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன் என்றும் மாமா சொன்னார். எப்படிச் சேட்டா முடிந்தது என்று அவன் வாயைப் பிளந்தான். எல்லாம் குடும்பத்தின் ஒத்துழைப்பு, ஹம்ப் வந்தால் என் தங்கை சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவாள் என்றார்.

அந்தத் தங்கைதான் என் சித்தி. சித்தி சிரித்துக்கொண்டு இறங்கவில்லை. நான் பின்சீட்டில் இருந்தேன்.

வேகத்தடைக்கு எங்கள் ஊரில் ஹம்ப் என்றுதான் பெயர். மட்டாஞ்சேரியில் அதற்குப் பஞ்சமே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, பள்ளிவாசலுக்கு முன்னால் ஒன்று, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் காரணமே இல்லாமல் ஒன்று. மாமா தன் சின்னக் காரின் ஸ்பிரிங்கை வெட்டி, முன்னால் பைபர் பம்பர் ஒன்றை ஒட்டி, தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு செருப்பு நுழைகிற இடம் மட்டும் விட்டு வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு ஹம்பிலும் ஒரு சடங்கு நடக்கும். கார் நிற்கும். பாரம் குறைய எல்லோரும் இறங்குவார்கள். ஒருவர் நடுரோட்டில் குந்தி, கன்னத்தைத் தாரோடு சேர்த்துவைத்து இடைவெளியைப் பார்ப்பார். மாமா காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவார். குந்தியிருப்பவர் உள்ளங்கையைக் காட்டினால் வரலாம், முஷ்டியைக் காட்டினால் நிற்கவேண்டும்.

அம்மாவுக்கு இது சரிப்படவில்லை. இடிக்கும் முன்பே அலறிவிடுவாள். தாத்தா ஒரே ஒரு தடவை அந்தக் காரில் ஏறினார், பிறகு எங்கே போவதானாலும் ஆட்டோ. சித்திக்குத்தான் கண் துல்லியம். ஆகவே சித்திதான் நிரந்தரமாக ரோட்டில் குந்தினாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. கனமில்லாதவள் என்பதால் நான் இறங்க வேண்டாம் என்று மாமா சொல்லியிருந்தார். அதில் எனக்குப் பெரிய கர்வம். எல்லாக் கார்களும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்களோடு ஹம்பில் ஏறிப்போகிற கார்களைப் பார்த்தால், பாவம், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று எண்ணுவேன்.

ஒரு சனிக்கிழமை சித்திக்குத் தேவராவில் நேர்முகத் தேர்வு. கப்பல்களுக்கு உணவுச் சாமான்கள் அனுப்பும் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை. பாலக்காட்டிலிருந்து வந்த வரன் ஒன்று வீட்டில் பதிலுக்குக் காத்திருந்தது. சித்திக்கு அதில் இஷ்டமில்லை. வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை நிறுத்திவைக்கலாம், இல்லாவிட்டால் சரியென்று சொல்லியனுப்ப வேண்டியதுதான் என்று தாத்தா முடிவாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், சித்தி அம்மாவின் நல்ல பருத்திப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள் என்பதுதான்.

பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றுதான் சித்தி சொன்னாள். மாமா விடவில்லை.

"என் தங்கை இண்டர்வியூக்குப் பஸ்ஸுல தொங்கிண்டு போறதா? கார்ல போய் வாசல்ல இறங்கினா அந்த மேனேஜர் எழுந்து நிப்பான் பாரு."

"நிக்கறது இருக்கட்டும். பத்து மணிக்குள்ள போய்ச் சேரணும்."

"சாரமில்லைடீ, கவலைப்படாதே, ஒம்பதரைக்கே நீ அங்க இருப்பே."

சித்தி உள்ளே இருக்கும்போது மாமாவுக்குத் துணையாக இருக்கட்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கொச்சங்காடி தாண்டுவதற்குள்ளேயே சித்தி இரண்டு தடவை ரோட்டில் குந்திவிட்டாள். கிடங்கு வாசலில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் மூட்டையோடு நின்று பார்த்தார்.

"எந்தா சேச்சி, வண்டி முட்டை இட்டோ?"

கிடங்கே சிரித்தது. சித்தி உள்ளங்கையைக் காட்டினாள். கார் ஏறியது. அவள் புடவையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்துவதற்குள் மாமா திரும்பிப் பார்த்து, அடுத்த தடவை இறங்கும்போது உன் டிபன் பாக்ஸையும் கையில் எடுத்துக்கொள், அதுவும் கனம்தானே என்றார். உண்மையாகவே சொன்னார். அடுத்த ஹம்பில் சித்தி ஒரு கையில் சான்றிதழ்களின் பையும் மறு கையில் டிபன் பாக்ஸுமாக இறங்கினாள். சைகை காட்டக் கையில்லாமல், தலையை ஆட்டிக் காட்டினாள்.

தோப்பும்படி தாண்டி, பாலம் தாண்டித் தேவரா வந்து சேர்ந்தபோது புடவையில் முழங்கால் பக்கம் இரண்டு கறுப்பு வட்டங்கள். கம்பெனி இருக்கும் தெருவில் திரும்பினோம். அங்கே ஒரு புது ஹம்ப். தெருக்காரர்களே போட்டது போல, தார் பளபளவென்று, முழங்கால் உயரத்துக்கு நின்றது. மாமா காரைக் குறுக்கே திருப்பினார். முன்சக்கரம் தொடுவதற்குள் சித்தி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முஷ்டியைக் காட்டினாள். மாமா பின்னால் எடுக்கப் பார்த்தார். பின்னால் அதற்குள் ஆட்டோக்கள் வந்து ஒட்டிக்கொண்டு நின்றன. காரோ ரோட்டின் குறுக்கே கிடந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, வேறு யாரையும் போகவிடவும் இல்லை. சித்தி ஓர் ஆட்டோவைப் பிடித்துப் போகலாமென்றால், அத்தனை ஆட்டோக்களும் எங்கள் காருக்குப் பின்னால்தான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

மாமா இறங்கினார். செருப்பைக் கழற்றி பம்பருக்குக் கீழே நிறுத்தி அளந்து பார்த்தார். பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் இரண்டு பலகை கேட்டார்.

சித்தி வாட்சைப் பார்த்தாள். "அண்ணா, நேரம் ஆறது. கீறினாக் கீறட்டும். நீ ஓட்டு."

"நேத்து அடிச்ச பெயிண்ட்டுடீ. கீறலோட அங்க எப்படிக் கொண்டுபோய் நிறுத்தறது?"

"எங்க?"

மாமா குனிந்து பம்பரைத் துடைத்தார்.

"எங்கண்ணா நிறுத்தணும்? என் ஆபீஸ் வாசல்ல கார்க் கண்காட்சியா வெச்சிருக்கா?"

"இல்லைடீ. இங்கேந்து கொஞ்சம் தள்ளி மைதானத்துல நம்ம பசங்கள்லாம் இன்னிக்குக் கூடறா. போற வழிதானே? நோக்கும் ஆச்சு, நேக்கும் ஆச்சு."

பலகையைத் தூக்கிவந்த கொத்தனார் தமிழ்நாட்டுக்காரர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பலகையைப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தபடி, "ஏண்ணே, இம்புட்டுப் பாடு படுறதுக்குக் காரைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தே போயிரலாம்ல?" என்றார்.

சித்தி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. டிபன் பாக்ஸை என் மடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஹம்பைத் தாண்டி ஓடினாள்.

சற்றுத் தள்ளி நின்று சைகை காட்டத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

பலகை மேல் கார் ஏறி இறங்கியது. பம்பர் படவில்லை. மாமா கைதட்டினார், நானும் தட்டினேன். சித்தியை எட்டிப் பிடித்ததும் நான் கண்ணாடியை இறக்கி, "சித்தி, ஹம்ப் ஆயாச்சு, ஏறிக்கோ!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. "ஏறுடீ, ரெண்டே நிமிஷம்" என்று மாமாவும் கூப்பிட்டார். அதற்குள் முன்னால் இன்னொரு ஹம்ப் வந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். சித்தி அதையும் தாண்டி ஓடினாள்.

நாங்கள் பக்கத்துச் சந்தில் திரும்பி மைதானத்துக்குப் போனோம்.

அங்கே எனக்கு ஆரஞ்சு ஜூஸ் கிடைத்தது. விதவிதமான வண்டிகள், பாட்டு, ஒரே கொண்டாட்டம். எல்லோரும் குனிந்து மாமாவின் பம்பரைத் தடவிப் பார்த்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து இதை இப்படியே ஓட்டிவந்தாயா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆமாம் என்றார் மாமா. அன்று சொன்ன அந்த ஆமாம்தான் இன்று விளக்குப் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

சித்தி போய்ச் சேர்வதற்குள் கம்பெனியில் பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. சித்தி பஸ்ஸில் வீடு திரும்பினாள். நாங்கள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது குழாயடியில் உட்கார்ந்து புடவையின் கறுப்பு வட்டங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா உள்ளே பாலக்காட்டுக்குப் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நல்ல சேதியை முதலில் சொன்னேன்.

"சித்தி, ஒரு கீறல்கூட இல்லை!"

"அப்படியா. நல்லதாச்சு" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறேன், ஏன் இவள் சந்தோஷப்படவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.

சித்தி இப்போது பாலக்காட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். அப்புறம் என்ன கெட்டுப்போச்சு என்று மாமா கேட்பார். கெட்டதா நல்லதா என்று நான் பேசவரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கார்ப் பிரியர்கள் எல்லோரும் கூடி மாமாவுக்கு மேடைபோட்டு மாலை போடப்போகிறார்களாம். பம்பரும் மேடையேறுகிறது. சிரித்துக்கொண்டே இறங்கிய தங்கை என்று சித்தியையும் மேடைக்கு அழைத்திருக்கிறார். நேற்று சித்தி எனக்குப் போன் பண்ணினாள். "அவனுக்காக நான் இன்னொரு தடவை வந்து குந்தணுமாடி?" என்று கேட்டாள்.

மாமாவுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். கடையில் தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சித்தி வரமாட்டாள். நான் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். மாமா, வீட்டுக்குள் கூப்பிட்டு என்னிடம் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம். அந்த மேடையில், அதே மைக்கில், அத்தனை பையன்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். தேவரா ஹம்பில் சித்தி "ஓட்டு" என்றாளே, ஏன் ஓட்டவில்லை?