நாலு வருஷ டீச்சர்

போன வாரம் மகளுடைய பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு எடுக்கும் மிஸ்ஸே அடுத்த வருஷமும் இதே பிள்ளைகளோடு தொடரலாமா, பெற்றோர் என்ன நினைக்கிறீர்கள் என்று. ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன. பிள்ளைகள் மிஸ்ஸோடு நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டார்கள், மிஸ்ஸுக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும், புதிதாக ஒருவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அத்தனையும் சரிதான். நான் மட்டும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கும் அப்படி ஒரு டீச்சர் இருந்தார், ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பின் பாதி வரைக்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது. கட்டடம் மட்டும் ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா ஒருவரின் வீடாக இருந்ததாம். ஆளுயர ஜன்னல்கள், உயரமான கூரை, ஐந்து அறைகள். மில் வேலை போனவர்களின் பிள்ளைகளும் கருவடிக்குப்பம் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்களுமாக நூறு பேர் இருந்தால் அதிகம். அங்கே ஒரு வழக்கம். ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவர் அதே பிள்ளைகளோடு வருஷத்துக்கு ஒரு அறையாகத் தள்ளிப் போவார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மறுபடி முதல் அறைக்கு வந்து புதுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார்.

நாங்கள் இருபத்திரண்டு பேர். நல்ல டீச்சர் வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம். எங்களுக்கு ஒரு வகுப்பு மேலே இருந்தவர்களுக்கு வாய்த்தவரை நாங்கள் கிள்ளு சார் என்போம். முழங்கைக்கு மேலே உள்பக்கச் சதையை நகத்தால் பிடித்து, மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டார். எந்த டீச்சராவது நீண்ட லீவில் போனால் அந்தப் பிள்ளைகளைக் கிள்ளு சார் அறையில் கொண்டுபோய் அடைப்பதுதான் தலைமை ஆசிரியரின் ஏற்பாடு. ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போன வருஷம் அந்த வகுப்புப் பிள்ளைகள் கிள்ளிக் கன்றிப்போன கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஒரே ஆளிடம் நாலு வருஷம் இருந்தால் டீச்சர் பிள்ளைகளை நன்றாகத் தெரிந்துகொள்வார் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். உண்மைதான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட மறுநாள் என் கையெழுத்து சாய்ந்துவிடும் என்பது அம்மாவுக்கே தெரியாது, டீச்சருக்குத் தெரியும். ஜோசப் காலையில் சாப்பிடாமல் வந்தால்தான் வம்பு இழுப்பான் என்றும் தெரியும். அவனுக்கென்று பையில் பிஸ்கெட் வைத்திருப்பார். ஆனால் பிள்ளைகளும் டீச்சரைத் தெரிந்துகொள்வார்கள் என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கோபம் இறங்குகிறது என்று அர்த்தம். சாக்பீஸை இரண்டாக உடைத்தால் கணக்கு, முழுதாக எடுத்தால் தமிழ். செருப்பை வாசலில் விடுகிற சத்தத்திலேயே அன்றைய நாள் எப்படி என்று சொல்லிவிடுவோம். வேறு எந்தப் பாடத்திலும் நாங்கள் அந்த அளவு தேறியதில்லை.

நான்காம் வகுப்பில் காலாண்டு லீவு முடிந்து வந்தபோது அது ஆரம்பித்தது. முதலில் நோட்டில்தான் பார்த்தோம். விரித்த நோட்டில் வலது பக்கம் மட்டும் சிவப்பு மையில் திருத்தியிருந்தது. இடது பக்கம் நாங்கள் எழுதியபடியே கிடந்தது. ஒருவருக்கு மட்டும் அல்ல, இருபத்திரண்டு பேருக்கும் அப்படித்தான். நாங்கள் சந்தோஷப்பட்டோம். இடது பக்கத்தில் கோழிக் கிறுக்கலாகக் கிறுக்கினாலும் கேட்பாரில்லை. ஒரு மாதம் எங்களுக்குப் பாதி வீட்டுப்பாடம்தான்.

பிறகு கரும்பலகையில் நடுவிலிருந்து எழுத ஆரம்பித்தார். முந்நூற்று நாற்பத்தைந்து என்று தானே எழுதிவிட்டு நாற்பத்தைந்து என்று படித்தார். ஒருநாள் கேள்வி கேட்டபோது ஜோசப் எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆண்பிள்ளைகள் ஜன்னலோரம் உட்காருவார்கள், டீச்சர் எங்களைப் பார்த்து நின்றால் அது அவருக்கு இடது கைப் பக்கம். டீச்சர் பெண்பிள்ளைகள் பக்கம் மட்டும் பார்த்து, “ஜோசப் இன்னிக்கு வரலியா?” என்றார்.

எல்லோரும் சிரித்தோம், ஜோசப்பும் சிரித்தான். மறுநாள் அவன் ஒரு வேலை செய்தான். டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஜன்னலோரத்திலிருந்து நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தான். டீச்சர் நிறுத்தவே இல்லை. மேசைக்கு நடுவைத் தாண்டி ஓர் அடி வைத்தான். “டேய், எங்கடா எழுந்து வர்றே?” என்று அதட்டினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஜோசப் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

இடது பக்கம் கண்ணில் படவில்லை என்பது டீச்சருக்கே தெரியாது. தலைவலி என்று தைலம் பூசிக்கொண்டு வந்தார், கண்ணாடி பழசாகிவிட்டது என்று புதிதாக ஒன்று மாற்றினார். புதுக் கண்ணாடியிலும் ஜன்னலோரம் அவருக்கு இல்லை.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூடினோம். நான் வகுப்புத் தலைவி. முத்துலட்சுமி என்னைவிடப் புத்திசாலி. அவள்தான் விஷயத்தை உடைத்தாள்.

“பெரிய சாருக்குத் தெரிஞ்சா லீவுல அனுப்பிடுவாரு. நம்மள கிள்ளு சார்கிட்ட தள்ளிடுவாங்க.”

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யாரிடமும், வீட்டில்கூட, சொல்வதில்லை என்று ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் அடித்துச் சத்தியம் செய்தோம். டீச்சர் மேல் இருந்த பாசம் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் கைச்சதையைப் பற்றிய பயம்தான்.

அடுத்த நாளே இருபத்திரண்டு பேரும் டீச்சரின் வலது கைப் பக்கம் வந்துவிட்டோம். நான்காம் வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருவது சின்ன விஷயம் இல்லை. மற்ற வகுப்புகள் ஜோடி சேர்த்துக் கேலி செய்தன, பொறுத்துக்கொண்டோம். தலைமை ஆசிரியர் எட்டிப்பார்த்து, “அந்தப் பக்கம் ஏன் காலியா கெடக்குது?” என்று கேட்டார். ஒருத்தி “வெயிலு சார்” என்றாள். வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி அவள் காலை மிதித்து, “சாரல் அடிக்குது சார்” என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டோம். கணக்குப் போட்டால் ஒருவன் எண்களைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், டீச்சர் கேட்டு எழுதிக்கொள்வார். ஒருத்தி டம்ளரையும் டஸ்டரையும் வலது பக்கம் நகர்த்திக்கொண்டே இருப்பாள். டீச்சர் வாசலைத் தாண்டும்போது ஜோசப் அவருக்கு இடது பக்கமாக ஒட்டி நடப்பான், நிலைக்கதவில் தோள் இடிக்காமல் இருக்க. சாப்பாட்டு வேளை என் பொறுப்பு. டப்பாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மூடப் போவார். நான் தண்ணீர் வைக்கிற சாக்கில் டப்பாவைத் திருப்பி வைப்பேன். “அட, இன்னும் இவ்ளோ கீதே!” என்று மறுபடி சாப்பிடுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வீட்டில்தான் கொஞ்சம் இடறியது. அம்மா என் நோட்டைப் புரட்டிவிட்டு, “இன்னாடி இது, ஒரு பக்கம் திருத்தவே இல்ல? உங்க டீச்சருக்குக் கண்ணு தெரியலயா?” என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். முதுகில் இரண்டு விழுந்தது. மறுநாள் சிவப்புப் பேனா வாங்கினேன். நாலு வருஷம் பார்த்த கை, டீச்சர் போடுகிற டிக் எனக்கு அப்படியே வந்தது. அடியில் சின்னதாக ஒரு வளைவு, மேலே போகப் போக மெலியும். அன்றிலிருந்து இருபத்திரண்டு நோட்டுகளிலும் இடது பக்கம் நான் திருத்தியது. எந்த வீட்டிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் மாலை டீச்சரின் வீட்டுக்காரர் வந்தார். தினமும் பள்ளி விட்டபின் ஸ்கூட்டரில் வந்து அழைத்துப் போவார். அன்றைக்கு அரை மணி முன்னதாகவே வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். தண்ணீர் பிடிக்க வந்த என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மெலிந்த, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர்.

“பாப்பா, டீச்சர் கிளாஸ்ல நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க சார்.”

“வீட்ல தட்டுல பாதிய அப்படியே வெச்சுட்டு எழுந்துடுறாங்க. செவுத்துல இடிச்சிக்கிறாங்க. கேட்டா கோவம் வருது, எனக்கு ஒண்ணும் இல்லன்றாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூப்புடலாமான்னு பாக்குறேன். நீங்க நாலு வருஷமா கூடவே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? கிளாஸ்ல ஏதாவது மாறுதல் தெரியுதா?”

அவர் கேட்டதில் எனக்குக் காதில் விழுந்தது ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்தான். ஆஸ்பத்திரி என்றால் லீவு, லீவு என்றால் கிள்ளு சார்.

“இல்ல சார். முன்னவிட நல்லாவே நடத்துறாங்க. சாப்பாடுகூட ஃபுல்லா சாப்புடுறாங்க.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப வீட்டு வேலை அசதிதான் போல,” என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். உள்ளே ஓடிப்போய் முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு விட்டார்கள். எங்களுடைய காவல் எல்லாம் அந்த அறைக்கும் கேட்டுக்கும் நடுவில்தான். கேட்டுக்கு வெளியே ரோடு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போகிக்கு முந்தின நாள் டீச்சர் மஞ்சள் கொத்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். வலது பக்கம் பார்த்துப் பாதி ரோட்டைத் தாண்டியவர், நிற்காமல் மீதியையும் தாண்டப் போனார். இடது பக்கமிருந்து வந்த வேன்காரன் ஹாரன் அடித்தானாம். சத்தம் கேட்டு டீச்சர் திரும்பிப் பார்த்தது மறுபக்கமாம்.

அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டேன். “அடி பெருசா இல்லியாம். ஸ்கேன் எடுத்தா தலைக்குள்ள கட்டி கீதாம். மாசக்கணக்கா வளந்துகினு வந்திருக்காம். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா எடுத்துப் போட்டிருக்கலாம்னு டாக்டர் அந்தாளத் திட்டுறாரு. கூட இருந்தவங்களுக்கு ஒண்ணுமா தெரியலன்னு கேக்குறாரு.” அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். டீச்சர் கண் விழிக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

எங்களை வரிசையாக நடத்தி டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கூடத்தில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள், தலை முழுக்க வெள்ளைக் கட்டு. நான் ஏங்கி ஏங்கி அழுதேன். என் மனதில் இருந்தது அந்த வேன்தான். வேன் அடித்தது, டீச்சர் செத்துப்போனார். ஜன்னலோரத்துக்கும் கட்டிக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை, சொல்லக்கூடியவர்களுக்கு ஜன்னலோரத்தைப் பற்றித் தெரியாது.

டீச்சரின் அண்ணன், வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாசக்கணக்கா ஒருத்திக்குப் பாதிக் கண்ணு தெரியலன்றாரு டாக்டரு, கூடப் படுத்து எழுந்தவனுக்கு அது தெரியல! நீயெல்லாம் ஒரு புருஷனா? என் தங்கச்சிய நீதான்டா சாவடிச்சே!”

வீட்டுக்காரர் கையெடுத்துத் தடுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார், வரிசையில் என்னைக் கண்டுபிடித்தார். அண்ணனின் பிடி நழுவியதும் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

“இந்தப் பிள்ளையக் கேளுங்க. பகல் முழுக்கக் கூடவே இருந்த பிள்ளை. நான் போய்க் கேட்டேன். சொல்லு பாப்பா, டீச்சர் எப்படி இருந்தாங்க?”

 கூடத்தில் அழுகை நின்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வரிசையில் முத்துலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

“நல்லாத்தான் இருந்தாங்க,” என்றேன்.

அண்ணன் தள்ளிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். என் யூனிஃபார்ம் நனைந்தது. பாவம், அவருக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் இருபத்தோரு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சொல்லிட்டியா, சொல்லிட்டியா என்று கேட்டார்கள்.

“சொல்லல. யாருக்கும் தெரியாது.”

ஜோசப் மூக்கைத் துடைத்துக்கொண்டான். முத்துலட்சுமி என் தோளில் கை போட்டாள். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.