எட்டாவது டின்

கிருபாவதியின் வேலை தட்டுவது. சித்தூருக்குப் பக்கத்தில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் மூன்று கிலோ டின்கள் சுவர் மாதிரி அடுக்கியிருக்கும். அவள் கையில் மெல்லிய கம்பியோடு ஒவ்வொரு மூடியாகத் தட்டிக்கொண்டே போவாள். கணீரென்று கேட்டால் நல்ல டின். தொப்பென்று கேட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, கூழ் கெடப்போகிறது என்று அர்த்தம். அது தனி வரிசைக்குப் போய்விடும். பதினான்கு வருடத்தில் அவள் காதை ஏமாற்றி ஒரு கெட்ட டின்கூட லாரி ஏறியதில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும்.

வாரமெல்லாம் இப்படிப் பூப்போலத் தட்டியதற்கு ஞாயிற்றுக்கிழமை பழி தீர்த்துக்கொள்வாள். முதலில் சர்ச்சில்தான் டிரம் வாசித்தாள். "மெதுவாம்மா, மெதுவா" என்று போதகர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டதால் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. கிடைத்த இடம் 'குவாரி' என்ற ராக் குழு. நகரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தமிழ்ச்செல்வன் கிட்டார். அவள் கொழுந்தன் ஜோஷுவா பேஸ் கிட்டாரும் பாட்டும். கணவன் எர்னஸ்ட் பலமனேரிலிருந்து காய்கறி ஏற்றும் வேனில் டிரம்களை ஏற்றி இறக்குவான். ஒன்பது வருடமாக இடி இடித்தார்கள். ஜோஷுவா என்ன பாடுகிறான் என்பது அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

இந்த ஜூன் மாதம் தமிழ்ச்செல்வன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். திருப்பதியில் கச்சேரி. அலிபிரி ரோட்டில் சின்ன ஹால், அறுபது நாற்காலி, மைக்கே கிடையாது.

"நம்ம பாட்டயே மெல்லமா, வேற மாதிரி பண்ணிப் பாக்கலாம்க்கா. கத்திக்கினே இருந்து எனக்கே போர் அடிக்குது."

"அப்போ நானு?"

அவன் தலையைச் சொறிந்தான். "இந்த ஒரு வாட்டி நீ முன்னால உக்காந்து கேளேன்."

ஒரு வாட்டி உட்கார வைத்தால் அப்புறம் எப்போதும் உட்கார வேண்டியதுதான் என்று கிருபாவதிக்குத் தெரியாதா? "டிரம்மு தூக்கற வேல மிச்சம், வுடுமே" என்று ஆறுதல் சொன்ன எர்னஸ்டுக்கு மறுநாள் சர்க்கரை இல்லாத காபி கிடைத்தது.

திங்கட்கிழமை டின் தட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது மைக் இல்லாத சத்தம்தானே! ஒவ்வொரு டின்னும் ஒவ்வொரு விதமாகப் பேசுகிறதே! பக்கவாட்டில் நசுங்கியதால் விற்பனைக்குப் போகாத ஏழு டின்களைச் சூப்பர்வைசர் நாகபூஷணத்திடம் கேட்டாள். "தீஸ்கோம்மா" என்று தெலுங்கில், எடுத்துக்கோ என்று அவர் கையை ஆட்டிவிட்டார். ஆனால் அவள் மனம் நின்றது கெட்ட வரிசையிலிருந்த ஒரு டின்னில். தட்டினால் 'தும்ம்' என்று, தூங்கப்போகிறவர் விடுகிற பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். கேட்டால் தர மாட்டார்கள். பதினான்கு வருட கியாதியோடு சேர்த்து அந்த டின்னையும் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்துவிட்டாள்.

ஒத்திகையில் ஒவ்வொரு வரி முடிவிலும் எட்டாவது டின்னைத் தட்டினாள். தமிழ்ச்செல்வன் கண்ணை மூடிக் கேட்டான். "இன்னொரு வாட்டி அடிக்கா" என்றான். அவ்வளவுதான், அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் கெட்ட கூழ் சும்மா இருக்குமா? உள்ளே பொங்கிப் பொங்கி மூடி இறுகியது. சத்தம் தினமும் கொஞ்சம் மேலே ஏறியது. தமிழ்ச்செல்வன் தினமும் கிட்டாரை அதற்கேற்பச் சுதி மாற்றினான். சனிக்கிழமை ஜோஷுவாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இன்னா அண்ணி, நேத்து இவ்ளோ மேல இல்லயே?"

"வெயிலுடா" என்றாள். அவளுக்கா தெரியாது? வேண்டுமென்றேதான் பொய் சொன்னாள்.

ஞாயிறு நாலு மணி. இரைச்சலாக இருக்கிறதென்று ஹாலில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். திருப்பதி வெயிலில் அறுபது பேரும் வியர்த்து வழிந்தபடி கேட்டார்கள். ஏழு டின்களும் மழைத் தூறல் மாதிரி சொன்னபடி கேட்டன. கடைசிப் பாட்டின் முதல் வரி முடிந்ததும் எட்டாவதைத் தட்டினாள். 'தும்ம்' இல்லை. 'டிக்.'

தொழிற்சாலையில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் பத்தடி தள்ளி நிற்பார்கள். மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது. ஜோஷுவாவின் கால் ஒரு முழத் தூரத்தில். தட்டினால் வெடிக்கும். தட்டாவிட்டால், அவள் இல்லாமலும் பாட்டு நடக்கும் என்று தமிழ்ச்செல்வனுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது வரி முடிந்தது. கம்பி மேலே போனது. அங்கேயே நின்றது.

ஹாலே அந்தக் கம்பியைப் பார்த்தது. யாருடைய வளையலோ சிணுங்கியது. ஜோஷுவா விழித்தான், காத்திருந்தான், அடுத்த வரியை இன்னும் மெதுவாக எடுத்தான். மறுபடி கம்பி உயர்ந்தது, மறுபடி இறங்கவில்லை. ஆறாவது வரிக்குள் அறுபது பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். பாட்டு முடிந்த பிறகும் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள்.

திரும்பும்போது வேனின் பின்னாலிருந்து தமிழ்ச்செல்வன் வாய் ஓயவில்லை. "ஒம்போது வருசமா உன்ன ஒரே ஒரு அடி கம்மி பண்ண வெக்க முடியல. இன்னிக்கி நீயா வுட்ட பாரு, அதான்க்கா பாட்டே!" முன்சீட்டிலிருந்த கிருபாவதிக்குக் கேட்கக் கேட்க அது திருட்டுப் பெருமையாகவே பட்டது. விட்டுவந்தால் ஏனென்று கேட்பார்களே என்று துண்டில் சுற்றிப் பின்னால் ஏற்றிய டின்னைப் பற்றிச் சொல்லிவிடலாமா, சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

சந்திரகிரி தாண்டி ஒரு பள்ளத்தில் வேன் குதித்தது. பின்னால் பாறைக்கு வெடி வைத்தாற்போல ஒரு சத்தம்.

எர்னஸ்ட் பிரேக்கை மிதித்து, டயர் என்று நினைத்து இறங்கி ஓடினான். நாலு டயரும் நன்றாக இருந்தன. வேனின் கூரை, கிட்டார் பை, ஜோஷுவாவின் மீசை எல்லாம் ஒரே மஞ்சள். புளித்த நாற்றம் வேனை நிறைத்தது.

"கெட்டுப்போன டின்னுடா அது. எடுத்தப்பவே தெரியும்" என்றாள் கிருபாவதி. "வெடிச்சுடுமோன்னு பயம். அதான் அடிக்கல. வேற ஒண்ணும் கெடயாது."

"அண்ணி, அது என் காலாண்டதானே இருந்திச்சு?" என்றான் ஜோஷுவா.

தமிழ்ச்செல்வன் புருவத்திலிருந்து ஒரு மாம்பழ நாரை எடுத்துப் பார்த்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"பரவால்லக்கா" என்றான், மூச்சு வந்த பிறகு. "அடுத்த புரோகிராம்லயும் அதே எடத்துல பயந்துடு."