பயிற்சிக்குப் போன நீதிபதி

கம்போடியாவின் பட்டம்பாங்கில் எங்கள் ஓட்டலில் பாத்திரம் கழுவும் கிம்லாங்கின் கணவர், நிலத்தகராறில் கைதாகி இரண்டு வருடமாக விசாரணையில்லாமல் சிறையில் கிடக்கிறார். அன்று எதிரிலுள்ள நீதிமன்றத்துக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். நீதிபதி வராததால் விசாரணை தள்ளிப்போனது. அங்கே காத்திருந்துவிட்டு நேரே வேலைக்கு வந்தவள், அதே நீதிபதி எங்கள் கூடத்தில் மீன்கறி சாப்பிடுவதைக் கண்டாள். வழக்குகளை விரைவாக முடிப்பது எப்படியென்று, அரசாங்கத்தோடு சேர்ந்து வெளிநாட்டுச் சட்ட உதவிக்காரர்கள் அங்கே அவருக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம்!

“எம் புருசன் விலங்கோட வெயில்ல கெடக்குறாரு. ஐயா இங்க முள்ளு எடுத்துத் திங்கிறீங்களா?”

பயிற்சி நடத்திய வெள்ளைக்காரி என்னவென்று விசாரித்தாள். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கிம்லாங் கேட்பதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அவளும் சிரித்துக் கைகூப்பினாள்.

கிம்லாங் அவளை ஜன்னலுக்கு இழுத்துப்போய்க் எதிரே நின்ற கைதிவண்டியைக் காட்டிவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினாள். “இப்பவாவது ஒழுங்காச் சொல்லுண்ணே! வண்டி கெளம்பறதுக்குள்ள இந்த ஆளை அங்க அனுப்பச் சொல்லு!”