தலையில் குடம் போகும் உயரம்

சுரங்கத்துக்கு ரயில் பாதை வந்த கதையைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆண்கள் நேராக இன்ஜினுக்குப் போய்விடுவார்கள். எவ்வளவு கரி தின்றது, எத்தனை பெட்டி இழுத்தது, யார் மாலை போட்டார் என்று அளப்பார்கள். தண்டவாளத்துக்காக எழுப்பிய கரையில் மண் கொட்டியது யார் என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறக்க மாட்டார்கள். கொட்டியது பெண்கள் நாங்கள். அதனால் கதையை நானே சொல்கிறேன்.

பெரிய லைனிலிருந்து நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கிளைப்பாதை போடத் தொடங்கியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பாதை வளர்வதைப் பார்ப்பதே சுற்றுவட்டாரத்துக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. சாயங்காலமானால் மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர்கள், குவார்ட்டர்ஸ்காரர்கள், ஷிப்ட் முடித்தவர்கள் எல்லோரும் இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்துவிடுவார்கள். டீக்கடையிலும் அதே பேச்சுதான்.

"முந்திரித் தோப்பத் தாண்டிட்டுதாமே" என்பார் ஒருவர்.

"எங்க தாண்டிச்சி? நா இப்பதான் பாத்துக்கினு வரேன், இன்னும் அந்தாண்டதான் நிக்கிது" என்பார் இன்னொருவர்.

வேர்க்கடலைக்காரர் ஒருவர் வேறு கூடவே சுற்றுவார். நாங்கள் மண் கூடை சுமப்பதைப் பார்த்துக்கொண்டே கடலை கொறிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வேலை இப்படி. கரையோரம் சதுரம் சதுரமாகக் குழி பிரித்துவிடுவார்கள். ஆண் வெட்டுவான், பெண் சுமப்பாள். குழியின் நடுவில் ஒரு மண் திட்டை மட்டும் வெட்டாமல் விட வேண்டும். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பது அதை வைத்துத்தான் தெரியும். ஓவர்சியர் வந்து அதை அளந்து நோட்டில் எழுதுகிறவரை யாரும் தொடக் கூடாது. "அளக்காத திட்டுல கை வைக்காதீங்க" என்று சொல்லாமல் எங்கள் மேஸ்திரிக்குப் பொழுது விடியாது.

கரை எங்கள் தெருவை நெருங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. தெரு இந்தப் பக்கம், குடிதண்ணீர்க் கிணறு அந்தப் பக்கம். நடுவில் நாங்கள் நடந்து நடந்தே உண்டான ஒற்றையடிப் பாதை. அந்த இடம் பள்ளம் என்பதால் கரை மூன்று ஆள் உயரம் எழும்ப வேண்டும். எங்கள் கிணற்றை எங்கள் தலையில் மண் சுமந்து நாங்களே மறைத்துக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரியைக் கேட்டேன். "ரயில்வே கேட்டு வைப்பாங்க, சுத்திக்கினு போங்க" என்றார். கேட் வரப்போவது இரண்டு மைல் தள்ளித் தார் ரோட்டில். ஒரு குடம் தண்ணீருக்குப் போக நாலு மைல், வர நாலு மைல்.

அன்று மத்தியானம் நான் என் கூடையை ஒற்றையடிப் பாதையைத் தாண்டிப் போய்க் கொட்டினேன். பின்னால் வந்தவள் என்னைப் பார்த்து அவளும் தாண்டிப் போய்க் கொட்டினாள். அப்புறம் எல்லோருமே அப்படித்தான். நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவெல்லாம் இல்லை. இரண்டு பக்கமும் கரை எழும்பியது, நடுவில் பாதை மட்டும் அப்படியே கிடந்தது. நாங்கள் கவனமில்லாமல் விட்டுவிட்டோம் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நடுவுல வுட்டுட்டீங்களே, கண்ணு தெரியலியா?" என்று கத்தினார்.

"அளக்காததுல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். "எங்க வழிய யாரும் வந்து அளக்கலிங்களே. அளந்து நோட்டுல எழுதட்டும், அப்பறம் பாக்கலாம்."

குழிக்குள் மண்வெட்டியோடு நின்றிருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. சுரங்கத்தில் பர்மனண்ட் ஆளாகச் சேர மேஸ்திரியின் சிபாரிசுக்காகக் காத்திருந்தவர் அவர். வீட்டுக்கு வந்ததும் சண்டைக்கு வந்தார்.

"வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? எம் பொழப்புல மண்ணப் போடறியே."

"மண்ணு போடலன்னுதான இவ்ளோ ரகளை" என்றேன்.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். சின்ன வயசு, வெளியூர்க்காரர். "நூறு கஜம் தள்ளி மழைத்தண்ணி போக மதகு கட்டப்போறோம். அது வழியா போயிடுங்க" என்றார். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். இடுப்புக்கு நேராகக் கையைக் காட்டினார். "கொஞ்சம் குனிஞ்சா போயிடலாம். பத்து தப்படிதானே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடவுக்குக் குனிகிறோம், அறுப்புக்குக் குனிகிறோம், அது வேலை. தண்ணீர் எடுக்கப் போகவும் குனிய வேண்டுமா?

"குனிஞ்சா தலையில கொடம் எப்பிடிங்க நிக்கும்?" என்றேன். "நீங்க ஒருதரம் தூக்கிக்கினு போயிக் காட்டுங்க, நாங்களும் கத்துக்கறோம்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்து திரும்பிப் போனார். நாங்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, பாதையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். தினமும் வந்து பார்க்கிற கூட்டம் இரண்டாகப் பிரிந்து எங்களுக்காகவும் எங்களை எதிர்த்தும் சண்டை போட்டது. ரயிலை நிறுத்தினால் நாடு எப்படி முன்னேறும் என்று குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்திருந்தவர் அவர். கடலைக்காரர் எங்கள் பக்கம். ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, எவ்வளவு உயரம் வேணும்?" என்றார். நான் வீட்டுக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய குடத்தை எடுத்தேன். சும்மாட்டுத் துணியை வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் குடத்தை ஏற்றிக்கொண்டு வந்து பாதையில் நிமிர்ந்து நின்றேன். அளவுகோலைப் பிடித்தவர் அதே ஓவர்சியர்.

"குதிகாலத் தூக்காதம்மா" என்றார் கடுப்போடு.

நான் தூக்கவில்லை. அந்த வேலையைச் சும்மாடு பார்த்துக்கொண்டது. அதற்கும் மேலே ஒரு சாண் விட்டு எழுதச் சொன்னார் அதிகாரி. நோட்டில் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள்.

அடுத்த வாரமே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். சிபாரிசும் போயிற்று. என் வீட்டுக்காரர் பண்ருட்டியில் முந்திரி மூட்டை தூக்கப் போனார். வாரத்துக்கு ஒருநாள் வருவார், சாப்பிடுவார், முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போவார். அது எனக்கு வலித்தது. தனியாக உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். ஆனால் செய்தது தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

கரைக்கு அடியில் கருங்கல் வைத்து வழியைக் கட்டி முடித்தார்கள். தண்டவாளமும் வந்தது. முதல் ரயில் வந்த அன்று கரையோரம் முழுக்க ஒரே கூட்டம். வீட்டில் தண்ணீர் இல்லை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர், என்ன நினைத்தாரோ, இன்னொரு குடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கல் வழிக்குள்ளே பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கழுத்தை இழுத்து, தோளைச் சுருக்கி, நன்றாகக் குனிந்தபடி உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு முழத்துக்கும் அதிகமாக இடம் இருந்தது.

"ஏன்யா குனியற?" என்றேன்.

நின்று அண்ணாந்து பார்த்தார். பண்ணையார் வீட்டுத் தாழ்ந்த மாட்டுக் கொட்டகையில் வேலை செய்து வளர்ந்தவர் அவர்.

"பழக்கம்" என்றார்.

மேலே ரயில் வந்துவிட்டது போலிருக்கிறது, கூட்டம் கத்தியது. அவர் வந்த வழியே வெளியே போனார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி நடந்து வந்தார்.