செலக்‌ஷன் அன்று மேரி அக்கா

மேரி அக்கா நேற்று மதியம் இறந்துவிட்டார்.

இருபத்தேழு வயது. டெங்கு...

மூன்று நாள் காய்ச்சலோடு மில்லுக்குப் போயிருக்கிறார். அவர் லீவு போட்டால் பக்கத்து மிஷினில் நிற்கும் பெண் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஆறாவது மாதம். நான்காம் நாள் அக்கா மிஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டார்.

நான் பதிவெல்லாம் எழுதுகிறவள் இல்லை. லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திண்டுக்கல் பக்கம் பாஸ்கெட்பால் பார்க்கிறவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு... உயரம் ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கோடை டோர்னமென்ட்டில் அவர் ஆடுகிறார் என்றால் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து நிற்பார்கள்.

இன்று காலை அவர் வீட்டு முன் போட்டிருந்த சாமியானாவில் அந்த முகங்கள் எல்லாம் இருந்தன. நான் ஓரமாக ஒரு சேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தாடிக்கொம்பு மேட்ச் ஞாபகம் இருக்காண்ணே? கண்ணு இந்தப் பக்கம் பாக்குது, பந்து அந்தப் பக்கம் போகுது" என்றார் ஒரு ஆட்டோக்கார அண்ணன்.

"எனக்கா ஞாபகமில்ல? நாந்தானப்பு ரெஃப்ரி. நானே ஏமாந்து எதுத்த பக்கம் ஓடிட்டேன். ஊரே சிரிச்சுச்சு."

சொன்னவரும் சிரித்தார். சிரித்தபடியே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ரிங்குக்கு நேரா நிக்கும். மறிக்க ஆளே இருக்காது. அப்பயும் திரும்பிப் பாத்து, தள்ளி நிக்கிற சின்னப் புள்ளைக்குக் குடுக்கும். 'ஏத்தா, நீ போட்டா என்ன குறைஞ்சா போயிருவ'ன்னு தொண்டை கிழியக் கத்துவேன்..." என்றார் இன்னொருவர்.

"அம்புட்டுப் பேருக்கும் பேரு வாங்கிக் குடுத்துச்சு. அதுக்கு என்னத்தக் கண்டுச்சு?"



அந்தச் சின்னப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பந்து வேண்டும் என்று கைதூக்கிக் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். கேட்காமலே கொடுத்தவர் மேரி அக்கா ஒருவர்தான்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம், மாநிலப் போட்டிக்கு மாவட்ட அணி எடுத்தார்கள். அதில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், ஹாஸ்டல். கடைசியில் ஒரே ஒரு இடம் மிச்சம். அதற்கு நிற்பது நானும் அக்காவும். இருவரையும் ஒரே டீமில் விட்டு ஆடச் சொன்னார்கள்.

செலக்‌ஷன் அன்று யாரும் யாருக்கும் பாஸ் கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பந்து உள்ளே விழுந்தால் போட்டவள் பேருக்கு நேராகப் பேப்பரில் ஒரு கோடு. கொடுத்தவளுக்கு ஒன்றும் கிடையாது.

முந்தைய வருடமே பிளஸ் டூ முடித்துவிட்டு, சீட் கிடைக்காமல் இதற்காகவே காத்திருந்தவர் அக்கா. வயது வரம்பும் அவருக்கு அந்த வருடத்தோடு முடிகிறது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவர்கள் இல்லை. அப்பா எங்கள் கிராமம் அகரத்தில் பூந்தோட்டம் போட்டிருந்தார். "சீட்டு கெடச்சா போ. இல்லேன்னா வர்ற மாசம் மில்லு வேன்ல ஏறிக்க" என்று சொல்லியிருந்தார். மேட்சுக்கு முன்னால் குழாயடியில் முகம் கழுவும்போது அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏ புள்ள, மூக்கச் சிந்து மொதல்ல. நான் நேத்தே மில்லுல பேரு குடுத்துட்டேன். எனக்கு இந்தக் காலேஜெல்லாம் சரிப்படாது. பந்து வரும், பயப்படாமப் போடு."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று அவர் ஒரு முறைகூட ரிங்கைப் பார்த்து எறியவில்லை. கோடெல்லாம் என் பேருக்கு நேராக விழுந்தது. சீட் கிடைத்தது. படித்தேன். இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன்.

இன்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான அகரத்துப் புள்ள? அந்த செலக்‌ஷன்ல தோத்துட்டு வந்து ரெண்டு மாசம் சுவத்தப் பாத்தே படுத்துக் கெடந்தா. நாந்தான் இழுத்துட்டுப் போயி மில்லுல சேத்து விட்டேன்."

ரெண்டு மாசம்.

"ஒழுங்கா ஆடியிருந்தா அந்தப் புள்ள மாதிரி நீயும் படிச்சிருப்பல்லன்னு ஏசிக்கிட்டே இருந்தேன். போன வாரம் வரைக்கும் ஏசியிருக்கேன் தாயி. ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா. 'அன்னிக்கு எனக்குக் கை வரலம்மா'ன்னு மட்டும் சொல்லுவா."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார், ஜெபம் தொடங்கிவிட்டது. பிறகு பெட்டியை மூடிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் நடுவில்... இல்லை, ஃபாதரும் கூட்டமும் காரணமில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

ஸ்டீபன் தம்பி, நீ என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறாய். உன் அம்மாவை உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அவரிடம் சொல்கிறேன். அதுவரை அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அன்று உன் அக்காவுக்குக் கை நன்றாகவே வந்தது. வந்த பந்தையெல்லாம் எனக்குக் கொடுத்தார். நான் போட்டேன்.

மன்னித்துவிடுங்கள், அக்கா. போய் வாருங்கள்.