சிலிண்டர் தூக்கிய நாளின் சர்க்கரை

போன திங்கட்கிழமை காலை. குன்னூர் கீழ்க் கடைவீதியில் ஒரு லேப். பெஞ்சில் ஜெபராஜ் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நான்.

குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பது அவருடைய வேலை. அவர் அசையாமல் பார்த்துக்கொள்வது என்னுடைய வேலை. என்னை இந்தக் காவலுக்கு நியமித்தவர் அவர் மனைவி ஸ்டெல்லா.

ஐம்பதைத் தாண்டிய மனிதருக்குச் சும்மா உட்காரக் காவல் எதற்கு?

காரணம் இருக்கிறது. ஜெபராஜ் என் பக்கத்து வீட்டுக்காரர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை. இந்த ஜனவரியில் இதே பெஞ்சில் அவருக்கு இதே டெஸ்ட் நடந்தது. அவர் பிப்ரவரி என்பார். பொங்கல் கரும்பு இன்னும் கடைவீதியில் மிச்சமிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே ஜனவரிதான்.

அவராக விரும்பிப் போன டெஸ்ட் அல்ல அது. அவருடைய அண்ணன் தேவசகாயம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பியின் வீட்டில்தான் இருக்கிறார். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கும் ஒரு காலத்தில் டாக்டர் சொன்னது, "பார்டர்ல இருக்கு" என்பதுதான். அவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். பார்டர் என்றால் இன்னும் இந்தப் பக்கம்தானே இருக்கிறோம்? நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் கணக்குப் போடுகிறோம்.

காலையில் எழுந்ததும் ஜெபராஜ் முதலில் பார்ப்பது அண்ணனின் கட்டிலைத்தான். கட்டிலுக்கு அடியில் ஒற்றைச் செருப்பு. தனக்கும் அதுதானா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஜனவரி டெஸ்டில் குளுக்கோஸ் குடித்து முடித்த சிறிது நேரத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து போன். கேஸ் வண்டி வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு லாரி வராது. ரோட்டு முனையிலேயே சிலிண்டரை இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து படி ஏறி, வளைந்து, மறுபடி ஏறி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழக்கமாகத் தூக்குகிறவர் அன்று லீவு.

ஜெபராஜ் யோசிக்கவில்லை. கடைவீதியிலிருந்து மேலே ஏறினார். நிறை சிலிண்டரைத் தோளில் வைத்தார். வீட்டில் இறக்கினார். காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து ஒப்படைத்தார். நேரம் தவறாமல் லேபில் கையை நீட்டினார்.

ரிசல்ட் பிரமாதம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கும் பேக்கரியிலிருந்து சூடான வர்க்கி வந்தது.

டாக்டருக்குத்தான் சந்தேகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், மூன்று மாதச் சராசரியும் கூடுதல், குளுக்கோஸ் குடித்த பிறகு மட்டும் தங்கமான அளவா? அந்த அம்மாள் காகிதத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நடுவுல எங்கயாவது போனீங்களா?"

"எங்கயும் போகலைங்க மேடம். ஊட்டுக்குத்தான் போய்ட்டு வந்தனுங்க."

மலையில் வாழ்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. ஏறி இறங்குவதை நாம் 'போவது' என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

டாக்டர் விளக்கியதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை தானாகத் தசைக்குள் போய்விடாது. லாரி ரோட்டு முனையோடு நின்றுவிடுகிற மாதிரிதான். அங்கிருந்து உள்ளே கொண்டுபோக ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு புரதம். சாதாரண நேரத்தில் அது தசைச் செல்லுக்குள் படுத்திருக்கும். இன்சுலின் கூப்பிட்டால் எழுந்து செல்லின் சுவருக்கு வரும், சர்க்கரையை உள்ளே எடுக்கும். சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலையில் இன்சுலின் கூப்பிடுவது அதற்குச் சரியாகக் கேட்பதில்லை.

ஆனால் தசை வேலை செய்யும்போது, இன்சுலின் கூப்பிடாமலே அந்தப் புரதம் எழுந்து வந்துவிடுகிறது. சிலிண்டருக்கு அடியில் நடந்தது அதுதான். ஜெபராஜின் தொடைகள் அந்தக் குளுக்கோஸை வழியிலேயே தின்றுவிட்டன. லேபுக்கு மிச்சம்தான் கிடைத்தது.

மறுபடி டெஸ்ட். இந்த முறை உட்கார்ந்தே. ரிசல்ட் பார்டர்.

அண்ணனுக்குச் சொன்ன அதே வார்த்தை. மறுநாள் ஜெபராஜ் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, சிலிண்டர் தூக்கினால் சர்க்கரை இறங்குகிறது, இறக்கி வைத்தால் ஏறுகிறது, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு தடவை உழைத்த பலன் அதிகம் போனால் ஓரிரு நாள்தான் நிற்கும். தொடர்ந்து உழைத்தால் தசை அந்தப் புரதத்தையே கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்கிறது. ஆள் பலம் கூடிவிட்டால், கூப்பிடும் குரல் மெலிதாக இருந்தாலும் வேலை நடக்கும் — நாம் உட்கார்ந்திருக்கும்போதும்.

டாக்டர் உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தபோது ஜெபராஜுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்ததாம். "மலையில இருக்கறவனுக்கு எதுக்குங்க தனியா எக்சர்சைஸ்?"

நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் காலையில் அவர் நடந்து இறங்குவார். சாயங்காலம் மினி பஸ்ஸில் ஏறி வருவார். எத்தனையோ வருடமாக அப்படித்தான். மலையில் இருப்பது நாம்... மலை ஏறுவது பஸ்.

சாயங்கால பஸ்ஸை விட்டார். வேகமாக ஏற ஆரம்பித்தார். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்க, அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டு ரோட்டில் மரம் சாய்ந்த வாரத்தில், வீட்டு வாசற்படியிலேயே ஏறி இறங்கினார். வாடகை ஊட்டுப் படியைத் தேய்த்துவிட்டால் ஓனருக்கு யார் பதில் சொல்வது என்று ஸ்டெல்லா கேட்டது எங்கள் சமையலறை வரை கேட்டது.

நடுவில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். ஒரு வாரம் பயிற்சி இல்லை, பிரியாணி மட்டும் இருந்தது. திரும்பி வந்ததும் காலைச் சர்க்கரை முகத்தைக் காட்டியது. தசைக்கு நன்றி உணர்ச்சி கிடையாது. நேற்றுச் செய்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். போன மாதத்தை மறந்துவிடும்.

இப்படி வந்து சேர்ந்ததுதான் போன திங்கட்கிழமை. அவர் ஒரு தடவை எழப் பார்த்தார். கால் மரத்துப்போகிறதாம். நான் அவர் முழங்காலில் கையை வைத்து உட்கார வைத்தேன். ஸ்டெல்லா போன் செய்யவில்லை. கேஸ் வண்டி வந்தாலும் கூப்பிடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார்.

மதியத்துக்குப் பிறகு ரிசல்ட். எல்லாம் வரம்புக்குள். சிலிண்டர் இல்லாமல், படி இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்தபடி. டாக்டர் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, உட்கார்ந்துதானே இருந்தார் என்று என்னிடம் கேட்டார். சாட்சி சொன்னேன். விட்டுவிட்டால் பழையபடி ஏறிவிடும் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

இருவரும் வீட்டுக்கு ஏறினோம். தேவசகாயம் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஜெபராஜ் காகிதத்தை நீட்டினார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்த பிறகும் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜெபராஜ் நாற்காலியில் சரிந்து, காலை நீட்டி, ஸ்டெல்லாவிடம் டீ கேட்டார். வெளியே ஏறுமுகமான சாலையில் நல்ல வெயில்.

"டெஸ்ட்டு முடிஞ்சுதுல்ல?" என்றார் தேவசகாயம்.

"முடிஞ்சுதுங்கண்ணா."

"அப்பறம் எதுக்குடா இன்னும் உக்காந்திருக்கறே?"

டீ வருவதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது. அந்த டீயை நான்தான் குடித்தேன்.