என் புகாருக்கு நானே எழுதிய பதில்

போன வாரம் சர்க்காரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் கொடுத்த புகாரில் உண்மை எதுவும் இல்லையாம். நன்றாக விசாரித்துவிட்டார்களாம்.

கடிதத்தின் இங்கிலீஷ் பிரமாதமாக இருந்தது. இருக்காதா பின்னே? முக்கால்வாசி வாக்கியங்கள் நான் எழுதியவை.

புகார் கொடுத்தவனும் நான்தான், புகாரைப் பொய் என்று நிரூபித்தவனும் நான்தான். தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை என் மனைவி அடுப்பிலிருந்து சாற்றமுதை, அதாவது ரசத்தை, இறக்கும்போது பாத்திரம் நழுவிவிட்டது. கொதிக்கக் கொதிக்க அத்தனையும் அவள் வலது கையில் கொட்டி, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெந்து போயிற்று. ஜட்கா பிடித்துக்கொண்டு எங்கள் பேட்டை டிஸ்பென்சரிக்கு ஓடினேன். எந்தப் பேட்டை என்று கேட்காதீர்கள். மைசூரில் இன்னும் கொஞ்ச காலம் குடியிருக்க உத்தேசம்.

டாக்டர் கையைத் தொடாமல் பார்த்தார். விரல் விரலாகத் தனித்தனியே கட்டுப் போடவேண்டும், சேர்த்துக் கட்டினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே ஆறிவிடும், பிறகு பிரிக்க முடியாது என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். கெட்ட செய்தியை நோயாளிக்குப் புரியாத பாஷையில் சொல்வது வைத்திய மரியாதை போலிருக்கிறது. எனக்குப் புரிந்து தொலைத்ததே... அன்று பிடித்த பயம்தான்.

வலது கை, ஐயா. சாதம் பிசையவும் புடவை கட்டவும் கோலம் போடவும் அவளுக்கு இருப்பது அந்த ஒரு வலது கை.

தினமும் கட்டு மாற்றுவது கம்பவுண்டர் மாதேசனின் வேலை. கொள்ளேகாலத்துப் பக்கத்து மனிதர். கட்டை அவிழ்ப்பதே தெரியாது, அவ்வளவு மெதுவான கை. ஒரே ஒரு குறை — பெண்கள் வரிசை நீண்டிருக்கும் நேரம் பார்த்துக் காப்பி ஓட்டலுக்குப் போய்விடுவார். அங்கே உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது அவர் இஷ்டம்.

டாக்டரின் குறை அவ்வளவு சின்னதல்ல. காலையில் டென்னிஸ் ஆடி, குளித்து, பலகாரம் முடித்து, தோன்றினால் வருவார். அவர் பார்க்காமல் கட்டை அவிழ்க்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. விதி போட்டவரும் அவரே.

ஒரு நாள் வெகுநேரம் காத்திருந்துவிட்டு என் மனைவி, "கை ரொம்ப எரியறது, கொஞ்சம் சீக்கிரம் பாக்க முடியுமா?" என்று கன்னடத்தில் பணிவாகக் கேட்டாள். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சாறு கொட்டும்போது என்னைக் கேட்டுக்கொண்டா கொட்டினீர்கள், அம்மா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அடுத்தது அவர்கள் முறை அல்லவா. ஆண்கள் பக்கத்து பெஞ்சில் இருந்த என் காதில் அந்தச் சிரிப்பு விழுந்தது. என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சர்க்கார் கச்சேரியில் டிராஃப்ட் எழுதியே பென்ஷன் வாங்கியவன். வேறு எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

"ஸும்னே, பேசாம இருங்கோன்னா. நாளைக்கும் அங்கதானே கையை நீட்டணும்" என்றாள் மனைவி.

கேட்பேனா? டாக்டரைப் பற்றி மூன்று பாரா, போனால் போகிறதென்று கம்பவுண்டரின் காப்பியைப் பற்றி ஒரு பாரா. ரிஜிஸ்டர் தபாலில் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

சர்க்காரில் புகார் மேலே போகும் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேலே போகிறது, வாஸ்தவம். போய் என்ன செய்கிறது? பெரியவர் காகிதத்தின் ஒரு மூலையில் 'ரிமார்க்ஸ் தேவை' என்று எழுதி அடுத்தவருக்குத் தள்ளுகிறார். அவர் தனக்குக் கீழே இருப்பவருக்கு. அவர் இன்னும் கீழே. கடைசியில் அது யார் மேல் கொடுத்த புகாரோ அவரிடமே வந்து சேருகிறது — உம் மேல் இப்படிச் சொல்கிறார்களே, வாஸ்தவமா என்று கேட்டுக்கொண்டு. 'ஆமாம், வாஸ்தவம்' என்று பதில் எழுதிய உத்தியோகஸ்தர் எவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

எங்கள் டாக்டர் இன்னும் கெட்டிக்காரர். தன் மேல் வந்த புகாரையும் சேர்த்துக் கம்பவுண்டருக்குத் தள்ளிவிட்டார். கம்பவுண்டருக்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே...

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேசன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் என் புகார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். அவரோ அதன் நுனியில் உட்கார்ந்து, காகிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க சாமி, இதுக்குப் பதில் எழுதோணுமுங்க. இங்கிலீசுல வந்ததுக்கு இங்கிலீசுலதான் எழுதோணும்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. எனக்குச் சீசாவுல ஒட்டற சீட்டு எழுதத்தான் தெரியுமுங்க. இந்த மாதிரி இங்கிலீசு எழுதறவங்க இந்தப் பேட்டையில யாருன்னு விசாரிச்சனுங்க. எல்லாரும் உங்களத்தான் சொன்னாங்க."

"மாதேசா, புகார் எழுதினதே நான்தான். அது தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. கையெழுத்து இருக்குதுங்களே. அதனாலதானுங்க வந்தேன். வேற ஆருகிட்டயாச்சும் போனா உங்களைப் பத்தி மரியாதையில்லாம எழுதிப்போடுவாங்க. நீங்களே எழுதிட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் மனசு நோகாதுங்க."

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் பதில் இருக்கிறது?

இதற்குள் என் மனைவி உள்ளிருந்து வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரியில் கட்டு மாற்ற மாட்டார்கள். மாதேசன் சட்டைப்பையிலிருந்து சுத்தமான துணிச் சுருளையும் மஞ்சள் மருந்தையும் எடுத்தார். பழைய கட்டை வெந்நீரில் நனைத்து நனைத்து அவிழ்த்தார். ஒவ்வொரு விரலுக்கும் தனியாகத் துணி சுற்றினார். அவள் ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை.

"எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா வேற கம்பவுண்டரு வர மாசக்கணக்கா ஆகுமுங்க. அது வரைக்கும் அம்மாளுக்குக் கட்டு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மிரட்டல் இல்லை, சத்தியமாக. அவர் முகத்தில் நிஜமான கவலைதான் இருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

வாசகர்களே, தொழில் என்று வந்துவிட்டால் கை சும்மா இருக்குமா? எழுத எழுத எனக்கே ருசி தட்டிவிட்டது. என் புகாரில் எத்தனை ஓட்டைகள் தெரியுமா? கம்பவுண்டர் காப்பிக்குப் போனதாக மனுதாரர் சொல்லும் நேரம், உண்மையில் சீசாக்களைக் கழுவ வெந்நீர் தேடிப் போன நேரம். ஓட்டலில்தான் வெந்நீர் கிடைக்கிறது. மனுதாரரின் கடிகாரம் ஊர் மணிக்கூண்டோடு ஒத்துப்போகிறதா என்பதற்கு ஆதாரம் இல்லை. மனுதாரர் நல்லவர், ஆனால் முன்கோபி, மனைவியின் வேதனையைக் கண்டு நிதானம் இழந்தவர்.

என்னைப் பற்றி இவ்வளவு நியாயமாக யாரும் எழுதியதில்லை.

பிறகு மாதேசனைப் பற்றி. அவருடைய பொறுமை, கையின் மென்மை, ஏழைகளிடம் பிரியம், ஞாயிற்றுக்கிழமையிலும் கடமை தவறாமை... அதில் பொய்யே இல்லை. அவர் கட்டுப் போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியது. பேனா நிற்கவே மாட்டேன் என்றது.

"டாக்டரு நேரத்துக்கு வர்றாருன்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னாருங்க" என்றார் மாதேசன் தயங்கிக்கொண்டே.

அங்கேதான் கை ஓடவில்லை. 'டாக்டர் வரும் நேரமே டிஸ்பென்சரியின் நேரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

அந்தப் பதிலின் பலன்தான் போன வாரம் வந்த கடிதம். அதே தபாலில் டிஸ்பென்சரிக்கும் ஒரு உத்தரவு வந்தது. மாதேசனின் விளக்கத்தைப் படித்த பெரியவர்கள் சொக்கிப் போய்விட்டார்களாம். இப்படி ஒரு இங்கிலீஷ் எழுதும் மனிதர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டா வீணாவது? பெங்களூர் ஆபீஸுக்கு உடனே டிரான்ஸ்பர். வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் உத்தியோகம். பிரமோஷன்.

மாதேசன் சொல்லிக்கொண்டு போக வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சாமி, அங்க எனக்கு எழுதித் தர ஆருங்க இருக்காங்க?"

"யாராவது இருப்பார், போ. சர்க்கார் ஆபீஸில் எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர்தான்" என்று தைரியம் சொன்னேன். எனக்குத் தைரியம் சொல்லத்தான் ஆள் இல்லை.

மறுநாளிலிருந்து கட்டுப் போடுவது டிஸ்பென்சரி பியூன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர். காய்ந்து ஒட்டியிருந்த துணியைச் சரேலென்று பிய்த்தார். நாலு விரலையும் ஒன்றாகச் சேர்த்து, சந்தைக்குப் போகும் வெற்றிலைக் கட்டு மாதிரி இறுக்கிச் சுற்றி அனுப்பிவிட்டார். டாக்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம்.

வீட்டுக்கு வந்தவளின் கண் சிவந்திருந்தது. இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. மாதேசன் செய்ததை நினைத்து நினைத்து, கட்டை வெந்நீரில் நனைத்து அவிழ்த்து, விரல் விரலாகப் பிரித்து நானே சுற்றினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரு ஓரத்தில் ஒட்ட ஆரம்பித்திருந்தன. அதைப் பிரித்தபோது அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கை கழுவிவிட்டு நேரே போய்ப் பேனாவை எடுத்தேன். இந்தத் தடவை திவான் வரைக்கும் போவது என்று தீர்மானம்.

"யாருக்கு எழுதறேள்?" என்றாள்.

"புகார்தான். அந்த டாக்டர் மேலே."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"திட்டி எழுதினேள், ஒருத்தரும் அசையல்லை. புகழ்ந்து எழுதினேள், பெங்களூருக்கே தூக்கிண்டு போயிட்டா. அந்த டாக்டரைப் பத்தியும் நன்னா நாலு வரி எழுதுங்கோளேன்."

நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரியே வரவில்லை. டாக்டரிடம் ஏதாவது ஒரு நல்ல குணத்தைக் கண்ட வாசகர்கள் தயவுசெய்து உடனே தெரிவிக்கவும் — அவசரம், சுண்டு விரல் காத்திருக்கிறது.